யாரையும் கூப்பிடாமல் நிரப்பும் படிவம்

(அறக்கட்டளையின் நலத்திட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மடிக்கணினியில் ஒலிக்கவிட்டுக் காட்டிய இடங்கள் அடைப்புக்குறிக்குள் உள்ளன.)



என்னை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கம்ப்யூட்டர்தான். "கண் தெரியாதவர் எப்படிக் கம்ப்யூட்டரில் வேலை செய்வார்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

இன்றைக்கு நான் நேரம் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. கல்வி உதவி, மருத்துவ உதவி, விதவைப் பெண்களுக்கான மாத உதவி, இந்த மூன்றுக்கும் வரும் ரமலானிலிருந்து காகித விண்ணப்பம் கிடையாது, இணையதளத்தில்தான் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. நல்ல முடிவு. ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலக வாசலில் வரிசையில் நின்று, ஊர் பார்க்க விண்ணப்பம் வாங்கிப் போவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டவர்களில் ஒரு சாராருக்கு இணையதளமும் கதவைச் சாத்திவிடக்கூடும். தளம் இன்னும் கட்டி முடியவில்லை. அதனால்தான் இப்போதே பேசுகிறேன். பள்ளிவாசல் கட்டி முடித்த பிறகு சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வைக்க எத்தனை கல்லை உடைக்க வேண்டியிருந்தது என்பது கட்டுமானக் கமிட்டியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

நான் பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். தமிழில் திரைவாசிப்பான் என்கிறார்கள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் நான் வைத்திருப்பது என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கியது. பிறகு அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அப்போது கடையில் விற்ற திரைவாசிப்பான்களை நம்மைப் போன்றவர்கள் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். இவர்கள் எழுதியதை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் இலவசம்தான். தமிழும் படிக்கும். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று இதே வேலையைச் செய்யும் வசதி வாங்கும்போதே உள்ளே இருக்கிறது.

திரையில் தெரியும் படத்தைப் பார்த்து அது படிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திரைவாசிப்பானுக்கும் கண் கிடையாது. பக்கத்துக்கு அடியில் எழுதியிருக்கும் நிரலைத்தான் அது படிக்கிறது. இது தலைப்பு, இது இணைப்பு, இது பட்டன், இது பெயர் எழுதும் கட்டம் என்று நிரலில் எழுதியிருந்தால் அப்படியே சொல்லும். எழுதியிருக்காவிட்டால், திரையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் என் வரைக்கும் அது இல்லாத பொருள்.

மவுஸும் எனக்கு உதவாது. அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தானே அதை நகர்த்த முடியும்? எல்லாம் கீபோர்டு. டேப் விசையை அழுத்தினால் அடுத்த இணைப்புக்கோ கட்டத்துக்கோ போகும். ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் பின்னால் வரும். எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, எஃப் அழுத்தினால் படிவத்தின் அடுத்த கட்டம், டி அழுத்தினால் அடுத்த அட்டவணை. நீங்கள் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே கண்ணால் மேய்ந்து, வேண்டியதைப் பிடித்துவிடுகிறீர்கள் அல்லவா? அதை நான் எச் விசையால் செய்கிறேன். அதற்குத் தலைப்புகள் தலைப்பு என்றே நிரலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விட்டால் உங்களுக்கு அது தலைப்பு, எனக்கு மற்றொரு வரி.

இப்போது கேளுங்கள்.

(ஒரு விண்ணப்பப் பக்கம் ஒலிக்கவிடப்பட்டது: "எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க். கிளிக்கபிள்.")

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். இது ஓர் இடத்தின் உண்மையான விண்ணப்பப் படிவம், பெயர் வேண்டாம். திரையில் முதல் கட்டத்துக்கு மேலே 'பெயர்', அடுத்ததற்கு மேலே 'ஆதார் எண்' என்று அழகாக எழுதியிருக்கிறதாம், என் தம்பி சொன்னான். அந்த எழுத்தும் இந்தக் கட்டமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று நிரலில் யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் எனக்கு எல்லாமே காலிக் கட்டம். கடைசியில் "கிளிக்கபிள்" என்றதே, அதுதான் சமர்ப்பிக்கும் பட்டனாம். பட்டன் மாதிரி வண்ணம் பூசிய ஒரு பெட்டி. டேப் விசை அதைத் தாண்டிப் போய்விடும், என்டர் அழுத்தினாலும் அசையாது.

அதே மாதிரி ஒரு படிவத்தை நம் பிள்ளைகள் எழுதியது இது.

("விண்ணப்பதாரர் பெயர், எடிட், ரிக்வயர்ட். கைப்பேசி எண், எடிட், ரிக்வயர்ட், பத்து இலக்கம். விண்ணப்பத்தை அனுப்பு, பட்டன்.")

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எழுதிய தங்கை இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவு கூடுதல் வேலை என்று கேட்டேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி என்றாள்.

"சரி, பக்கத்தில் யாரையாவது வைத்து நிரப்பிக்கொள்ளலாமே?" என்று கேட்பார்கள். அன்பில் கேட்பதுதான். நம் ஊரில் கூப்பிட்டால் ஓடி வர ஆள் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் படிவத்தில் நாம் என்னென்ன கேட்கிறோம் என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மாத வருமானம் என்ன? கடன் எவ்வளவு, யாரிடம்? என்ன நோய்? கணவர் மவுத்தாகிவிட்டாரா, தலாக்கா, விட்டுவிட்டுப் போய்விட்டாரா? வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், கடைசியில் போனுக்கு வரும் ஓ.டி.பி. பார்வையற்ற ஒரு பெண் இதை நிரப்ப எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும். அவன் நல்ல பையன், வெளியே சொல்ல மாட்டான். ஆனாலும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் அவன் உம்மாவுக்கு ஸலாம் சொல்லும்போது இவள் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். இதற்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நம் கணக்கில் வருவதில்லை. "பார்வையற்றவர்களிடமிருந்து விண்ணப்பமே வரவில்லையே" என்று நாம் அறிக்கையில் எழுதுவோம்.

தர்மம் கொடுக்கிறவர் மறைத்துக் கொடுப்பது சிறப்பு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உறையில் பணத்தை வைத்துக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, யார் என்று காட்டிக்கொள்ளாமல் போகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வாங்குகிறவரின் மானத்துக்காகச் செய்யும் ஏற்பாடு அது. இணையதளத்தில் அந்த ஏற்பாட்டைச் செய்வது, தனியாக உட்கார்ந்து கீபோர்டாலும் காதாலும் நிரப்ப முடிகிற படிவம்தான்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பற்றிப் பயான்களில் கேட்டிருப்பீர்கள். பார்வையற்ற ஸஹாபி. அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு மூலையில் உட்கார வைத்துச் சோறு போடச் சொல்லவில்லை, பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். ரமலானில் ஸஹரை முடித்துக்கொள்ள ஊர் அவர்கள் குரலைத்தான் கேட்டது. கிழக்கு வெளுத்ததை அவர்களால் பார்க்க முடியாது. விடிந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் வாயால் சொல்வார்கள், அதன் பிறகு பாங்கு சொல்வார்கள். கண்ணால் தெரிய வேண்டிய ஒரே ஒரு செய்தியைச் சொல்லில் கொடுத்தார்கள், மீதி வேலையை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். திரைவாசிப்பானுக்காக நிரல் எழுதுவதும் இவ்வளவுதான்.

இனி நம் தமிழ்த் தளங்களுக்கே உரிய தொல்லை ஒன்று. இதை வெளிநாட்டுப் புத்தகங்களில் படிக்க முடியாது, நாமே பேசிக்கொள்ள வேண்டியது. பழைய தளங்கள் பலவற்றிலும், இன்றும் பல அச்சகங்களிலும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அதில் 'உதவி' என்று அடித்தால் கண்ணுக்கு 'உதவி' என்றுதான் தெரியும். உள்ளே கம்ப்யூட்டர் வைத்திருப்பதோ நான்கு ஆங்கில எழுத்து: சி, ஜே, டி, பி. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்ட கதை. திரைவாசிப்பான் சட்டையைப் பார்ப்பதில்லை. எனக்கு "சி ஜே டி பி" என்றுதான் படிக்கும். பக்கம் பக்கமாக இப்படி வரும். யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே பழைய அறிக்கைகளை அப்படியே எடுத்து ஏற்றாமல், யூனிகோடுக்கு மாற்றி ஏற்ற வேண்டும். அச்சகத்திலிருந்து வரும் பி.டி.எஃப். கோப்புக்கும் இதே கதிதான். ஸ்கேன் செய்து ஏற்றிய பி.டி.எஃப். இன்னும் மோசம், அதில் எழுத்தே இருக்காது, பக்கத்தின் புகைப்படம்தான் இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஒரே ஒரு வரி. இந்தப் பக்கம் தமிழில் இருக்கிறது என்று நிரலின் தலையில் அறிவிக்க ஓர் இடம் உண்டு. மாதிரிப் பக்கத்தை நகலெடுத்துத் தளம் கட்டுகிறவர்கள் அங்கே ஆங்கிலம் என்று இருப்பதை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். உடனே திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழைப் படிக்கப் பார்க்கும். சில குரல்கள் தமிழ் எழுத்து வந்ததும் மௌனமாகிவிடும். பக்கம் காலி என்று நினைத்து நாங்கள் திரும்பி வந்துவிடுவோம்.

போஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நம் ஊர் முழுக்கக் குற்றவாளி. ரமலான் நேர அட்டவணை, ஜனாஸா அறிவிப்பு, நிக்காஹ் அழைப்பு, மருத்துவ முகாம், எல்லாமே படம். வாட்ஸ்அப்பில் வரும்போது என் போன் "போட்டோ" என்று மட்டும் சொல்லும். தளத்தில் அதே படத்தைப் போட்டு, அதையே இணைப்பாகவும் வைத்து, அது என்ன என்று எழுதாமல் விட்டால் கோப்பின் பெயரைப் படிக்கும்: "ஐ.எம்.ஜி. இரண்டு பூஜ்யம் இரண்டு..." என்று ஒரு டெலிபோன் நம்பர் மாதிரி. ஜனாஸா தொழுகை எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள நான் இன்னொருவருக்குப் போன் போட வேண்டியிருக்கிறது. போஸ்டர் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குக் கீழே அதே செய்தியை நான்கு வரி எழுத்தாகவும் போடுங்கள். தளத்தில் ஏற்றும் படங்களுக்கு 'ஆல்ட்' என்று ஒரு கட்டம் உண்டு. படம் என்ன சொல்கிறதோ அதை அதில் எழுதுங்கள். பூ வேலை, பிறை நட்சத்திர ஓரம் மாதிரி அலங்காரப் படம் என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்தால் போதும், திரைவாசிப்பான் தொந்தரவு செய்யாமல் தாண்டிப் போகும். அலங்காரத்தைப் பற்றி எனக்குக் கட்டுரை தேவையில்லை.

நோன்பு நேரத்தை உண்மையான அட்டவணையாக எழுதிப் பாருங்கள். மேல் வரிசைக் கட்டங்கள் தலைப்பு என்றும், பக்கவாட்டில் தேதி என்றும் நிரலில் குறித்துவிட்டால், நான் எந்தக் கட்டத்துக்குப் போனாலும் "பிறை 12, இஃப்தார், 6.34" என்று சேர்த்துச் சொல்லும். குறிக்காவிட்டால் வெறும் எண்கள் கொட்டும். ஸஹர் முடிவு எது, இஃப்தார் எது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

படிவத்தில் இன்னும் சில இடங்கள் உண்டு, அங்கே நான் நிறையப் பட்டிருக்கிறேன். கட்டத்துக்கு உள்ளேயே மங்கலாக 'உங்கள் பெயர்' என்று எழுதி, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும்படி வைக்கிறார்கள். எழுதியதைச் சரிபார்க்கத் திரும்பி வந்தால் இது எந்தக் கட்டம் என்று சொல்ல ஆள் இல்லை. ஞாபக மறதி உள்ள பெரியவர்களுக்கும் இதே சிரமம்தான். பிறந்த தேதிக்கு ஒரு குட்டிக் காலண்டர் திறக்கும். மவுஸால் வருடத்தைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி 1961-க்குப் போக வேண்டும். நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம் வைத்தால் யாராக இருந்தாலும் பத்து நொடியில் முடிந்துவிடும்.

தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பட்டனை அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. திரையில் ஒரு கட்டம் சிவப்பாகிவிட்டதாம். சிவப்பு எனக்கு எப்படித் தெரியும்? நிறக்குருடு உள்ளவருக்கும் தெரியாது. "கைப்பேசி எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது, பத்து வேண்டும்" என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த வரியை அதே கட்டத்தோடு நிரலில் இணைத்து, என்னையும் அந்தக் கட்டத்துக்கே கொண்டுபோய் விட வேண்டும். போன வருடம் என் மகளுக்கு ஒரு நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அனுப்பு பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பதில் இல்லை. இரவு பதினொரு மணிக்கு அவள் வந்து பார்த்துவிட்டு, "வாப்பா, மேலே ஒரு மூலையில் சிவப்பு எழுத்தில் போட்டோ அளவு பெரிது என்று போட்டிருக்கிறான்" என்றாள். அன்றைக்குக் கடைசி நாள்.

ஓ.டி.பி.க்கு முப்பது நொடி கொடுக்கிறார்கள். போனில் காதால் கேட்டு, ஆறு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு வந்து கட்டத்தைத் தேடிப் போடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். நாம் ஐந்து நிமிடம் கொடுப்போம், யாருக்கு என்ன நஷ்டம்? கோணல்மாணலான எழுத்தைப் படத்தில் காட்டி "நீங்கள் மனிதர்தானா?" என்று கேட்கும் கேப்ட்சாவும் நமக்கு வேண்டாம். அதில் தோற்று, மனிதன் இல்லை என்று பலமுறை முடிவு கட்டப்பட்டவன் நான். போன் எண்ணைச் சரிபார்த்தாலே நம் வேலைக்குப் போதும்.

கீபோர்டு என்றதும் பார்வையற்றவர்களை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும் பெரியவரால் மவுஸை ஒரு சின்னப் பட்டன் மேல் நிறுத்த முடியாது, டேப் விசையை அழுத்த முடியும். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர், மூட்டுவாதத்தில் விரல் மடங்காத உம்மா, விபத்தில் கை இழந்தவர் என்று இந்த மஹல்லாவிலேயே ஒரு பட்டியல் உண்டு. இவர்களுக்குக் கண் தெரியும், ஆகவே திரையில் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். டேப் அழுத்தும்போது நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு தெரியும் அல்லவா? அழகாக இல்லை என்று அந்தக் கோட்டை நீக்கிவிடுகிற வழக்கம் தளம் கட்டுகிறவர்களிடம் இருக்கிறது. தெருவில் பெயர்ப் பலகையைப் பிடுங்கி எறிவதும் அதுவும் ஒன்றுதான். திடீரென்று திறக்கும் அறிவிப்புப் பெட்டி இன்னொரு பொறி. அதற்குள் போன கீபோர்டு வெளியே வர வழி இருக்காது. எஸ்கேப் விசையை அழுத்தினால் பெட்டி மூடி, விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். பக்கத்தின் தலையில் முப்பது மெனு இருந்தால், அதை ஒவ்வொரு பக்கத்திலும் முப்பது முறை டேப் அழுத்திக் கடக்காமல் நேராக விஷயத்துக்குத் தாவ முதலிலேயே ஓர் இணைப்பு வையுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆட்களுக்குப் பச்சை என்றால் தனிப் பிரியம். இளம்பச்சை மேல் வெள்ளை எழுத்து. எனக்கு எந்தப் பச்சையாக இருந்தாலும் ஒன்றுதான், ஆனால் கண்புரை உள்ளவர்களுக்கு அந்த எழுத்து பின்னணியில் கரைந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. அதை அளந்து சொல்லும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பச்சையையே கொஞ்சம் கருக்கிவிட்டால் தீர்ந்தது.

இந்தக் கணக்குகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருப்பது டபிள்யூ.த்ரீ.சி. என்ற அமைப்பு. முதல் வழிகாட்டி 1999-இல் வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 2023 அக்டோபரில் வந்த 2.2. அதில் 'ஏ.ஏ.' என்ற நடுத்தரத்தை எட்டினால் நமக்குப் போதும். பெரிய நிறுவனங்களே செய்வதில்லையே என்பீர்கள். உண்மைதான். அமெரிக்காவில் வெப்எய்ம் என்ற அமைப்பு வருடந்தோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கத்தை இயந்திரத்தால் சோதிக்கிறது. 2025-இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் குறை கண்டது. அந்தக் குறைகளில் அதிகமானவை மங்கிய எழுத்து, விளக்கமில்லாத படம், பெயரில்லாத கட்டம், காலி இணைப்பு, காலி பட்டன், மொழி சொல்லாத பக்கம். இவ்வளவு நேரம் நாம் பேசியவைதான். ஒன்றுகூடப் பணச் செலவுள்ள வேலை இல்லை.

பணம் கேட்டு ஒருவர் வருவார், அதையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு வரியைத் தளத்தில் ஒட்டுங்கள், எங்கள் மென்பொருள் எல்லாவற்றையும் தானே சரிசெய்துவிடும்" என்று வருடச் சந்தா கேட்பார்கள். சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு பட்டன் மூலையில் வரும். அதை நம்பாதீர்கள். பெயரில்லாத கட்டத்துக்கு என்ன பெயர் என்று எழுதியவருக்குத்தான் தெரியும். இப்படி வாக்குக் கொடுத்து விற்ற ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-இல் நடவடிக்கை எடுத்து, 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இணையம் வழியான சேவைகளைப் பற்றியும் பேசுகிறது. 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த பிரக்யா பிரசூன் ஒரு வழக்கும், பார்வையற்றவரான அமர் ஜெயின் ஒரு வழக்கும் தொடுத்திருந்தார்கள். வங்கியில் ஆளை உறுதிப்படுத்த கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள்? இணையத்தை அணுகுவது உயிர்வாழும் உரிமையைத் தரும் 21-ஆவது பிரிவிலேயே அடங்கும் என்று நீதிமன்றம் சொல்லி, 20 உத்தரவுகளும் போட்டது. 2011 கணக்கெடுப்புப்படி நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். நம் சின்ன அறக்கட்டளையின் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. நாம் சட்டத்துக்குப் பயந்து செய்கிற ஆட்களும் அல்ல.

சோதிப்பது எப்படி என்று தம்பிகள் கேட்டார்கள். மவுஸைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, உதவி விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசி வரை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அதுதான் சரிசெய்ய வேண்டிய இடம். பிறகு என்.வி.டி.ஏ.வை இறக்கிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு அதையே செய்யுங்கள். முதல் நாள் தலை சுற்றும். குரலின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்திருக்கும் வேகம் உங்களுக்குப் புரியாது. நம் ஊரில் பெரும்பாலோர் போனில்தான் நிரப்புவார்கள், ஆகவே டாக்பேக்கிலும் பார்க்க வேண்டும். அதைப் போட்டதும் போன் பழைய மாதிரி கேட்காது. ஒருமுறை தொட்டால் என்ன என்று சொல்லும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். தெரியாமல் போட்டுவிட்டுப் போன் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

ஆனால் பார்வையுள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு சோதிப்பதும், தினமும் அதிலேயே வாழ்கிறவர் சோதிப்பதும் ஒன்றாகாது. ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் தளம் கட்டும் பிள்ளைகள் இருப்பார்கள், நானும் வருகிறேன், இன்ஷா அல்லாஹ். இன்னும் மூன்று பேர் தேவை. போனில் டாக்பேக் பயன்படுத்துகிற ஒருவர், கை நடுக்கம் உள்ள பெரியவர் ஒருவர், எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும் என்கிற ஒருவர். பெண்கள் வந்தால் தனி அறை இருக்கிறது, உதவிக்கு இரண்டு தங்கைகளும் இருப்பார்கள். உங்கள் சொந்த விவரம் எதையும் போட வேண்டாம், சோதனைக்காகக் கற்பனைப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள். ஆட்டோ செலவை அறக்கட்டளை கொடுத்துவிடும், முத்தவல்லி ஹாஜியார் தலையை ஆட்டிவிட்டதாக என் தம்பி சொல்கிறான்.